வாட்டர் வாஷ் கழிவுநீரைத் தேங்காய் நார், மணல், கரி கொண்டு சுத்தம் செய்ய முடியுமா?

ஊர் ஓரத்தில் வாட்டர் சர்வீஸ் நடத்தும் ஒருவரின் கேள்வி இது. நாளுக்குச் சுமார் 15 கார், 20 பைக் வருகின்றன. கழுவிய தண்ணீர் பக்கத்து ஓடையில் போய் விழுகிறது. கீழே கிணறு வைத்திருக்கும் தோட்டக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். ஒரு டிரம்மில் ஜல்லி, மணல், கரி, தேங்காய் நார் என்று அடுக்கி அதன் வழியாக விட்டால் தண்ணீர் சுத்தமாகிவிடுமா? அதையே மறுபடி வண்டி கழுவ எடுக்கலாமா?

முடியும். ஆனால் அந்த ஒற்றை டிரம்மால் முடியாது. வீடியோக்களில் காட்டுகிற மாதிரி அடுக்கி, வண்டி கழுவிய தண்ணீரை நேராக அதில் விட்டால் சில நாட்களிலேயே மேல் அடுக்கில் சேறும் கிரீஸும் சேர்ந்து பிசின் மாதிரி அடைத்துக்கொள்ளும். அப்புறம் யாரோ ஒருவர் பொறுமை இழந்து பைபாஸ் பைப் ஒன்றைப் போட்டுவிடுவார், தண்ணீர் பழையபடி ஓடைக்கே போகும். நார், மணல், கரி மூன்றும் நல்ல பொருட்கள்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு வேலைதான் செய்யும். வடிகட்டிக்கு வந்து சேருவதற்கு முன்பே முக்கால்வாசி அழுக்கு பிரிந்திருக்க வேண்டும் என்பதுதான் இதில் எல்லாமே.

முதலில், அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மண்ணும் மணலும் கண்ணுக்குத் தெரியும். பிரேக் தேய்ந்த தூளில் இரும்பும் செம்பும் இருக்கும், டயர் தூளில் துத்தநாகம் இருக்கும். இன்ஜின் ஆயில், கிரீஸ், அடிப்பகுதிக்கு அடிக்கும் டீசல், எல்லாவற்றுக்கும் மேல் ஷாம்பு. இதில் டயர் தூளை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், மழை பெய்து சாலைத் தண்ணீர் ஓடைகளில் இறங்கியதும் கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிடும் முன்பே செத்து மிதந்தன. பல ஆண்டுத் தேடலுக்குப் பின் 2020-இல்தான் காரணம் தெரிந்தது. டயர் ரப்பரில் விரிசல் விழாமல் இருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து 6பிபிடி குயினோன் என்ற நஞ்சாக மாறுகிறது. அதே ஆராய்ச்சியாளர்கள் வட்டாரத்தில் சில ஆண்டுகள் முன்னதாகவே இன்னொன்றும் பார்த்திருந்தார்கள். அந்தச் சாலைத் தண்ணீரை மணலும் கம்போஸ்ட்டும் கலந்த படுகை வழியாக வடித்துவிட்டபோது மீன்கள் பிழைத்தன. நம் ஊர் ஓடையில் சால்மன் இல்லை. ஆனால் நஞ்சு என்ன, மண் படுகைக்கு என்ன சக்தி என்ற இரண்டுமே இதில் தெரிகிறது.

எதையும் கட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். வேலை மும்முரமாக நடக்கும் நேரத்தில், தண்ணீர் வழிந்து வெளியேறும் இடத்தில் 1 லிட்டர் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, நிழலில் ஒரு ஓரமாக அசைக்காமல் வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் மணல் கோடு போட்டு நிற்கும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் அதன் மேல் மென்மையான வண்டல் ஒரு படலமாக உட்காரும். மேலே கழுத்துப் பகுதியில் கறுப்பு கலந்த பழுப்பு வளையமாக எண்ணெய் மிதக்கும். மறுநாள் காலையில் பாருங்கள், நடுப்பகுதி அப்போதும் சாம்பல் நிறத்தில், பால் கலந்த மாதிரி மங்கலாகவே இருக்கும். அந்த நடுப்பகுதிதான் உங்கள் உண்மையான பிரச்சனை. ஷாம்பு எண்ணெயைப் பொடிப்பொடித் துளிகளாக உடைத்து, ஒவ்வொரு துளியையும் சுற்றி நின்றுகொண்டு, ஒன்றோடொன்று சேரவிடாமல் தடுக்கிறது. கூடவே களிமண் துகள்களும் மிதக்கின்றன. 0.1 மி.மீ. மணல் 1 அடி ஆழம் இறங்க 40 வினாடிக்குள் ஆகும். 0.01 மி.மீ. வண்டலுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். 0.001 மி.மீ. துகளுக்கு இரண்டு நாளுக்கும் மேல். அதனால் தொட்டியை எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் நடுவில் நிற்கும் மங்கல் தானாகத் தெளியாது.

நடுவில் மங்கல் அதிகம் என்றால் ஷாம்பு அதிகம் என்று அர்த்தம். ஃபோம் வாஷ் வந்த பிறகு வாடிக்கையாளர் நுரையைப் பார்த்துத்தான் திருப்தி அடைகிறார் என்பது புரிகிறது. ஆனாலும் வண்டியை முதலில் வெறும் தண்ணீரில் அடித்து மண்ணை இறக்கிவிட்டு, பிறகு அளந்து கலந்த ஷாம்பு போட்டால் பாதி ஷாம்பு போதும். இன்ஜின், சேஸி பகுதிகளை டீசலோ மண்ணெண்ணெயோ போட்டுத் தேய்க்கும் வேலை இருந்தால் அதைக் கழுவும் மேடையில் செய்யவே கூடாது. தனியாக ஒரு தகரத் தட்டு வைத்து, வடிவதைப் பிடித்து, கழிவு ஆயிலோடு சேர்த்துவிடுங்கள். ஆயில் மாற்றும்போது சிந்துவதைத் தண்ணீர் அடித்துத் தள்ளாமல் மரத்தூள் போட்டு ஒற்றி எடுங்கள். இந்தச் சின்ன ஒழுங்குகள் இல்லாவிட்டால் எந்த நாரும் எந்தக் கரியும் தாங்காது.

இன்னொரு விஷயம், கூரை. கழுவும் தளம் 100 சதுர மீட்டர் திறந்த வெளியாக இருந்தால், 50 மி.மீ. மழை பெய்யும் ஒரு நாளில் 5,000 லிட்டர் தண்ணீர் வந்து தொட்டியில் சேர்ந்திருக்கும் அத்தனை எண்ணெயையும் ஓடைக்கு அடித்துக்கொண்டு போய்விடும். மேலே ஷீட் போடுங்கள், சுற்றி ஒரு வரப்பு கட்டுங்கள்.

இனி கணக்கு. காருக்கு 150 லிட்டர், பைக்குக்கு 40 லிட்டர் என்று வைத்தால் நாளுக்குச் சுமார் 3,000 லிட்டர். பரபரப்பான நேரத்தில் மணிக்கு 500 லிட்டர் வரும். இதற்கு 3 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி தண்ணீர் நிற்கும் மூன்று அறைகள் வரிசையாக வேண்டும். மொத்தம் 2,300 லிட்டர் கொள்ளும். தண்ணீர் உள்ளே நுழைந்து வெளியேற நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதல் அறை மணலுக்கும் சேற்றுக்கும். இதை வாரத்துக்கு ஒரு தடவையாவது அள்ள வேண்டியிருக்கும், அதனால் மண்வெட்டி இறங்கும்படி மூடி போடுங்கள். முதல் அறைச் சுவரின் மேல் வழிந்து இரண்டாவதுக்குப் போக வேண்டும். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குச் சுவரின் அடிப்பக்கத் துளை வழியாகப் போக வேண்டும். மிதக்கும் எண்ணெய் அந்த அறையிலேயே மாட்டிக்கொள்ளும்.

மூன்றாவது அறையின் வெளியேறும் பைப்பில் ஒரு பிவிசி டீ (T வடிவ இணைப்பு) மாட்டி, கீழ்க்காலைத் தண்ணீருக்குள் ஒன்றரை அடி இறக்குங்கள். மேல்கால் தண்ணீர் மட்டத்துக்கு மேலே திறந்தபடியே இருக்கட்டும். அதை மூடினால் சைஃபன் பிடித்து, மேலே மிதக்கும் எண்ணெயையும் சேர்த்து இழுத்துவிடும். திறந்திருந்தால் அடைப்பு வந்தாலும் ஒரு குச்சி விட்டுக் குத்தலாம். முழுத் திட்டத்திலும் விலை குறைந்த பாகம் இந்த டீதான். தண்ணீரைக் காப்பாற்றுவதில் இதற்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன்.

இயற்கைப் பொருள் முதன்முதலில் வேலைக்கு வருவது இந்த இரண்டாவது, மூன்றாவது அறைகளில். எல்லோரும் தேங்காய் நார் என்கிறார்கள், எனக்கு இலவம்பஞ்சின் மேல்தான் நம்பிக்கை. இலவம்பஞ்சின் ஒவ்வொரு இழையும் உள்ளே குழாய் மாதிரி வெற்றிடமாக, வெளியே மெழுகுப் பூச்சோடு இருக்கும். தண்ணீர் ஒட்டாது, எண்ணெயை உறிஞ்சும். தன் எடையைப் போல் முப்பது மடங்குக்கும் மேல் எண்ணெய் பிடிக்கும். போடி பக்கம் இலவ மரங்கள் நிறைய உண்டு. மெத்தை தைப்பவர்களிடம் கழிவுப் பஞ்சு மலிவாகக் கிடைக்கும். பழைய நைலான் கொசுவலையில் தளர்வாக அடைத்துத் தலையணை மாதிரி தைத்து, கயிறு கட்டி மிதக்க விடுங்கள். கறுத்துக் கனத்ததும் மாற்ற வேண்டும். ஷாம்பு அதிகமான தண்ணீரில் இந்தப் பஞ்சும் நனைந்து மூழ்கிவிடும், அதனால்தான் ஷாம்புவைப் பற்றி அவ்வளவு சொன்னேன். தேங்காய் நார் எண்ணெயோடு தண்ணீரையும் குடிக்கும். அதைக் கடைசி அறையின் வாயில் மிதக்கும் குப்பை, கிரீஸ் கட்டி இவற்றைத் தடுக்கும் சல்லடையாக வைக்கலாம். புது நாரைப் பல தடவை ஊறவைத்து அலசிய பிறகே போடுங்கள், இல்லாவிட்டால் அதுவே நாள்கணக்கில் தேநீர் நிறத்தில் சாயம் விடும். நெல் உமி மிதந்து ஒதுங்கும். மரத்தூள் ஊறி நாறும். இரண்டையும் இந்த இடத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சரி, மங்கலான நடுப்பகுதிக்கு வருவோம். இதைத் தெளிய வைக்கத் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஒரு பொருள் வேண்டும். நம் வீடுகளில் தேத்தாங்கொட்டையை மண்பானையின் உள்பக்கம் உரசிக் கலங்கல் தண்ணீரைத் தெளிய வைத்தது இந்த வேலைதான். மண் கலங்கலுக்குத் தேத்தாங்கொட்டை அருமையானது, ஆனால் எண்ணெயும் ஷாம்புவும் கலந்த தண்ணீருக்கு முருங்கை விதை பொருத்தம். முருங்கை விதையில் நேர்மின்னேற்றம் கொண்ட புரதம் இருக்கிறது. களிமண், எண்ணெய்த் துளி, ஷாம்பு மூலக்கூறு எல்லாம் பெரும்பாலும் எதிர்மின்னேற்றம் கொண்டவை. புரதம் இவற்றை இழுத்துக் கட்டி, கனமான திரள்களாக்கி அடியில் இறக்குகிறது.

மூன்று அறைகளைத் தாண்டி வரும் தண்ணீரை 3,000 லிட்டர் தொட்டி ஒன்றில் நாள் முழுக்கச் சேர்த்துக்கொள்ளுங்கள். எவ்வளவு விதை வேண்டும் என்பதைப் பாட்டிலில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மரத்திலேயே காய்ந்த முற்றிய விதையை எடுத்து, தோலை நீக்கி, பருப்பை இடித்து, 10 கிராம் பொடியை 1 லிட்டர் நல்ல தண்ணீரில் கலக்கித் துணியில் வடிகட்டுங்கள். நான்கு பாட்டில்களில் ஒவ்வொரு லிட்டர் கழிவுநீர் எடுத்து, அந்தக் கரைசலை 10, 15, 20, 30 மில்லி என்று விடுங்கள். ஒரு நிமிடம் வேகமாகவும் பத்து நிமிடம் மெதுவாகவும் கலக்கிவிட்டு ஒரு மணி நேரம் வையுங்கள். மெதுவாகக் கலக்கும்போதே பாட்டிலுக்குள் பொட்டுப் பொட்டாகத் திரிந்து வருவது தெரியும். எந்த பாட்டில் குறைந்த அளவிலேயே நன்றாகத் தெளிகிறதோ அதுதான் உங்கள் அளவு. 15 மில்லியில் தெளிந்தால் லிட்டருக்கு 150 மி.கி., அதாவது 3,000 லிட்டருக்கு நாளுக்கு 450 கிராம் பருப்பு. மூலனூர், அரவக்குறிச்சி பக்கம் இருப்பவர்களுக்கு இது சுலபம். மற்றவர்களுக்கு விலை கனக்கும். முருங்கை எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சும் பிண்ணாக்கிலும் அந்தப் புரதம் அப்படியே இருக்கிறது. எண்ணெய் ஆலை பக்கத்தில் இருந்தால் அதை வாங்குங்கள், தண்ணீரில் வீணாக விதை எண்ணெய் சேர்வதும் குறையும். விதைக் கரைசலை அன்றன்று கலக்குங்கள், மறுநாளுக்கு வைத்தால் கெட்டுப்போகும். எவ்வளவு விதை போட்டும் தெளியாவிட்டால் படிகாரத்துக்கு மாறுவதில் தவறில்லை. ஓடை சுத்தமாக வேண்டும் என்பதுதானே நோக்கம்.

மாலையில் கடை சாத்தும்போது கரைசலை விட்டுக் கலக்கி, இரண்டு மணி நேரம் விட்டு, தொட்டி அடியிலிருந்து 1 அடி உயரத்தில் வைத்த வால்வைக் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள். இரவு முழுக்க மெதுவாக மணல் படுகைக்கு இறங்கட்டும். பகலில் மணிக்கு 500 லிட்டரை வடிகட்டுவதற்கும் இரவில் 12 மணி நேரம் மணிக்கு 250 லிட்டர் வீதம் வடிகட்டுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. 4 அடிக்கு 4 அடி மணல் தொட்டியில் இந்த வேகம் மணிக்கு 17 செ.மீ. அளவுதான். குடிநீருக்குப் பயன்படுத்தும் மெதுவான மணல் வடிகட்டியின் வேகமே இதுதான். அடியில் 20 செ.மீ. ஜல்லி, கீழே 20 மி.மீ., மேலே 6 மி.மீ. அதன் மேல் 60 செ.மீ. மணல். ஆற்று மணல்தான் வேண்டும் என்பதில்லை. எம்-சாண்ட் போதும், ஆனால் தூள் போகும்வரை நன்றாகக் கழுவ வேண்டும். ஓட்டம் குறைந்தால் மேலே 2, 3 செ.மீ. மணலை மட்டும் சுரண்டி எடுங்கள், முழுவதையும் கிளற வேண்டாம்.

இப்போது தண்ணீர் பார்வைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். தெளிந்த தண்ணீரில் கரைந்த ஷாம்பு இன்னும் இருக்கிறது. ஒரு பாட்டிலில் பாதி நிரப்பி மூடிக் குலுக்கிப் பாருங்கள், நுரை நின்றுகொண்டே இருக்கும். கரி இதற்குத்தான். கொட்டாங்குச்சி கரியைப் பட்டாணி அளவுக்கு உடைத்து, கறுப்புத் தண்ணீர் நிற்கும்வரை அலசி, 200 லிட்டர் டிரம்மில் 150 லிட்டர் அளவுக்கு நிரப்பினால் மணிக்கு 250 லிட்டர் ஓட்டத்தில் தண்ணீர் சுமார் கால் மணி நேரம் கரியோடு இருக்கும். அடுப்புக் கரியும் ஆலையில் பதப்படுத்திய செறிவூட்டிய கரியும் ஒன்றல்ல. செறிவூட்டிய கொட்டாங்குச்சி கரியின் ஒரு கிராமில் 1,000 சதுர மீட்டர் அளவுக்கு உள்பரப்பு இருக்கும், சாதாரணக் கரியில் அதில் சிறு பங்குதான். காங்கேயம் வட்டாரத்தில் கொட்டாங்குச்சி கரித் தொழில் பெரிது. முடிந்தவர்கள் செறிவூட்டியதையே வாங்குங்கள். குலுக்கும் சோதனையில் நுரை மறுபடி நிற்க ஆரம்பித்தால் கரி மாற்றும் நேரம் வந்துவிட்டது.

இடம் இருப்பவர்களுக்கு இன்னும் நல்ல வழி உண்டு. மணலுக்கும் கரிக்கும் நடுவில் ஒரு செடிப் படுகை. 60 செ.மீ. ஆழத்துக்கு ஜல்லி நிரப்பிய, அடி கசியாத படுகையில் கல்வாழை, வெட்டிவேர், சம்பு நட்டு, தண்ணீர் ஜல்லிக்குள்ளேயே மேலே தெரியாமல் நகரும்படி விடுவது. ஜல்லியில் ஏறக்குறைய 40 சதவீதம் இடைவெளி. 3,000 லிட்டர் இரண்டு நாள் தங்க வேண்டுமானால் 25 சதுர மீட்டர், முக்கால் சென்ட்டுக்கும் குறைவான இடம். வேரிலும் ஜல்லியிலும் வளரும் நுண்ணுயிர்கள் ஷாம்புவைத் தின்றுவிடும், உலோகங்களில் ஒரு பகுதி அங்கேயே தங்கும், கரியும் பல மடங்கு நாள் வரும். அலாய் வீலுக்கு ஆசிட் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அது இந்த உயிர்களைக் கொன்றுவிடும். இந்தப் படுகையில் கீரை, காய்கறி எதுவும் வேண்டாம்.

மறுபடி பயன்படுத்துவதைப் பொறுத்தவரை, முதலில் மண் இறங்க அடிக்கவும், சக்கரம், மட்கார்டு, மேட், தளம் கழுவவும் இந்தத் தண்ணீர் தாராளமாகப் போதும். கடைசி அலசலுக்குப் புதுத் தண்ணீர்தான் வேண்டும். மணலோ கரியோ செடியோ உப்பை எடுக்காது. சுற்றிச் சுற்றி வரும் தண்ணீரில் உப்பு ஏறிக்கொண்டே போய் பெயின்ட்டில் வெள்ளைத் திட்டு விழும். கடைசி அலசலின் புதுத் தண்ணீர் உள்ளே சேரச் சேர அந்த உப்பு ஓரளவு நீர்க்கும், அதே அளவு பழைய தண்ணீர் செடிப் படுகை வழியாக வெளியே போகட்டும். தேங்கிய தண்ணீரைப் பிரஷரில் அடிக்கும்போது எழும் சாரலை வேலை செய்பவர்தான் சுவாசிக்கிறார். அதனால் சேமிப்புத் தொட்டியில் கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் கரைசல் விடுங்கள், தண்ணீரை நாள்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். 2024 கோடையில் பெங்களூருவில் குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். நம் பக்கம் வரும் வறட்சியில் இந்தத் தொழில் நிற்காமல் ஓட மறுசுழற்சிதான் துணை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமான பிறகு பல வளாகங்களில் உறிஞ்சு குழி இருக்கிறது. எவ்வளவு சுத்தம் செய்திருந்தாலும் இந்தத் தண்ணீரை அதில் விடக் கூடாது. அது நேராக நிலத்தடி நீருக்குப் போகும் வழி. பக்கத்துத் தோட்டக்காரர் குடிப்பது அதைத்தான்.

எண்ணெய் குடித்த பஞ்சு, நார், தொட்டியிலிருந்து அள்ளிய கறுப்புச் சேறு, தீர்ந்த கரி இவை எல்லாம் எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை. இயற்கைப் பொருள் என்பதால் தோட்டத்தில் உரமாகப் போடவோ மூலையில் வைத்துக் கொளுத்தவோ முடியாது. உள்ளே இருப்பது ஆயிலும் செம்பும் துத்தநாகமும். மேலே அள்ளிய எண்ணெயையும் கழிவு ஆயிலையும் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். எண்ணெய் ஊறிய பொருட்கள் 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருபவை. மூடியுள்ள டிரம்மில் சேர்த்து வைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம் சொல்லும் வழியில் அனுப்புங்கள். சர்வீஸ் நிலையத்துக்கு வாரியத்தின் இசைவாணை எடுக்கப் போகும்போதே இதையும் கேட்டுவிடலாம்.

ஓடையில் விடுவதாக இருந்தால் ஆய்வகத்தில் ஒரு தடவை சோதித்துவிட்டுத் தொடங்குங்கள். நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கான பொது அளவு லிட்டருக்கு மிதக்கும் திடப்பொருள் 100 மி.கி., எண்ணெயும் கிரீஸும் 10 மி.கி., பிஓடி (கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 30 மி.கி., சிஓடி (அதையே ரசாயன முறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 250 மி.கி. அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 5.5 முதல் 9 வரை. எண்ணெய்ச் சோதனைக்கான மாதிரியைக் கண்ணாடி பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும், பிளாஸ்டிக்கில் எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொண்டு அளவு குறைவாகக் காட்டும். எண்ணெய் 10-ஐத் தாண்டினால் கரியைக் குறை சொல்லாமல் டீ பைப்பையும் ஷாம்பு அளவையும் பாருங்கள். சிஓடி மட்டும் அதிகம் என்றால் முருங்கை விதை அளவுக்கு மேல் விழுகிறது அல்லது கரி தீர்ந்துவிட்டது, குலுக்கும் சோதனை எது என்று சொல்லிவிடும்.